அவருக்குப் பிரஷர் ஏறிடும்

ஏப்ரல் 7, திங்கள்

டாக்டரம்மா அருள்மொழி சொன்னதன் பேரில் இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன். தினம் இரண்டு வேளை பிரஷர் பார்த்து எழுத வேண்டும். அதோடு அன்றைக்கு என்ன நடந்தது, எதனால் ஏறியது என்றும் யோசித்து எழுத வேண்டுமாம். "யார் மேல தப்புன்னு எழுதாதீங்க. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு எழுதுங்க" என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க நினைத்தேன். வெளியே பதினான்கு பேர் காத்திருந்ததால் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை 9.40க்குப் பழனி கிளம்ப வேண்டிய வண்டி 9.51க்கு வந்து நின்றது. நான் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடமாக டைம் கீப்பர். பதினோரு நிமிடம் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. டிரைவர் டீயை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னான். நான் கேட்ட கேள்வி கடைசிப் பிளாட்பாரம் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அப்புறம் கண் இருட்டியது. பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 196/112.

ஜூன் 7 வரை மெடிக்கல் லீவு. காலையில் ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை. உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், கோபப்படக் கூடாது. "இப்படியே விட்டா பக்கவாதம் வரும். இல்லன்னா அதுக்குக்கூட நேரம் இருக்காது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பயமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இந்திராணி கரூரில் இருக்கும் எங்கள் மகள் சுகன்யாவுக்குப் போன் போட்டாள். "இனிமே அப்பாகிட்ட எதையும் சொல்லாத. எதுன்னாலும் எங்கிட்ட சொல்லு. அவருக்குப் பிரஷர் ஏறிடும்" என்றாள். பொறுப்பான பேச்சு. இருபத்தொன்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது கூடத் தெரியாவிட்டால் எப்படி.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை 172/104. மாலை 176/104. காரணம்: அடுத்த வீட்டு மிக்ஸி.

ஏப்ரல் 10, வியாழன்

காலை 168/102. மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாளே தலைவலி விட்டுவிட்டது. பல வருடத் தலைவலி. இவ்வளவு சின்ன மாத்திரையா என்று ஆச்சரியமாக இருக்கிறது. இந்திராணியிடம் சொன்னேன், அவளுக்கும் சந்தோஷம்.

இன்று சமையலறையில் நின்று கணக்கெடுத்தேன். மாங்காய் ஊறுகாய் இரண்டு ஜாடி, கிடாரங்காய் ஒன்று, எலுமிச்சை ஒன்று, மோர்மிளகாய் ஒரு டப்பா நிறைய, அப்பளம் நான்கு கட்டு, கருவாடு. இது வீடா, உப்பளமா? எல்லாவற்றையும் இன்றே தூக்கிப் போடு என்றேன்.

"வெயில்ல நின்னு போட்டதுங்க. தூக்கிப் போட மனசு வரல" என்றாள்.

"என் கண்ணுல படக் கூடாது. அவ்வளவுதான்."

"சரிங்க."

இரவுச் சாப்பாடு உப்பில்லாத ரசம். வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன். டாக்டர் சொன்னது டாக்டர் சொன்னதுதான்.

ஏப்ரல் 14, திங்கள்

காலை 164/98. புத்தாண்டு. பாயசம் மட்டும் உண்டு, வடை கிடையாது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். இந்திராணி தரையில் உட்கார்ந்து சோற்றில் கிடாரங்காய் ஊறுகாயைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டை மறைத்தாள்.

"நான் தின்னு தீத்துர்றேங்க. ஒரு ஜாடி முடிஞ்சிருச்சு" என்றாள்.

எனக்குச் சமைக்கும் உப்பில்லாத குழம்பையேதான் அவளும் சாப்பிடுகிறாள், தொட்டுக்கொள்ள இந்த ஊறுகாய். தனியாக ஒரு குழம்பு வைப்பதில்லை. கேஸும் மிச்சம், ஊறுகாயும் வீணாகவில்லை. சிக்கனம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கண்டிக்கவில்லை.

ரேஷன், கேஸ், கரண்ட் பில், மாடியில் தண்ணீர்த் தொட்டி என்று நான் பார்த்த வேலை எல்லாம் இப்போது அவள் தலையில். பாவம், வெயிலில் அலைகிறாள். ஆனால் ரேஷன் கடை வரிசையில் நான் நின்றால் அங்கேயே 200 ஏறும், சந்தேகமே இல்லை.

சுகன்யா போன் பேசினால் இந்திராணி மாடிக்குப் போய்விடுகிறாள். மாப்பிள்ளைக்கு ஏதோ வேலைப் பிரச்சினை போல. என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

காலை 162/98. நடைக்குப் போகும்போது இந்திராணியையும் கூட்டிப்போனேன். பூங்காவில் இரண்டாவது சுற்றிலேயே கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பின்மண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"பின்னால யாரோ அழுத்துற மாதிரி இருக்குங்க. நீங்க நடங்க. நான் வந்துர்றேன்."

கொண்டையை இவ்வளவு இறுக்கிப் போட்டால் வலிக்காமல் என்ன செய்யும் என்றேன். அவிழ்த்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்காக நின்றதில் ஒன்பது நிமிடம் போனது. நாளையிலிருந்து தனியாகவே போகிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

காலை 152/94. மாலை 178/106.

மாலை ஏறியதற்குக் காரணம் இருக்கிறது. காலை மாத்திரை முப்பது வாங்கினேன். எட்டாம் தேதி ஆரம்பித்து இன்றோடு பதினேழு போட்டாயிற்று. பதின்மூன்று இருக்க வேண்டும். எண்ணினால் ஆறு. ஏழு மாத்திரை எங்கே? நேரே மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டேன். "சார், பிரிக்காத அட்டையத்தான குடுத்தோம்" என்றார் கடைக்காரர். நானும் சொன்னேன், அவரும் சொன்னார், கூட்டம் கூடியது. தலை சுற்றவே வீட்டுக்கு வந்தேன்.

இந்திராணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கடைக்கா போனீங்க? ஐயோ, நான்தாங்க போட்டேன். ஒரு வாரமா. அன்னைக்குப் பார்க்குல வந்த வலி விடவே இல்ல. உங்களுக்கு இதப் போட்டதும் விட்டுச்சுன்னு சொன்னீங்கல்ல, அதான். போட்டா கேக்குது."

மாத்திரை என்ன பொரிகடலையா, ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொள்ள? அடுத்தவர் மாத்திரையைச் சாப்பிடக் கூடாது என்று படிக்காதவனுக்குக் கூடத் தெரியும். இதைத்தான் சொன்னேன். குரல் கொஞ்சம் கூடியிருக்கலாம். அடுத்த வீட்டு ஜரினா வெளியே எட்டிப் பார்த்தார்.

மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம். நான் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

160/98. நான் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை 150/94. சுகன்யா என்னிடமே போனில் பேசினாள். "அம்மாவுக்கும் ஒரு தடவ பிரஷர் பாருங்கப்பா. வீட்லதான் மெஷின் இருக்குல்ல" என்றாள்.

மெஷினில் மெமரி இருக்கிறது. அளந்ததெல்லாம் அதில் வரிசையாகப் பதிகிறது, சராசரியும் அதுவே போட்டுக்கொள்கிறது. டாக்டரம்மா அதையும் பார்ப்பார். நடுவில் அவளுடையதைக் கலந்தால் என் சராசரி என்ன ஆவது? ஒரு வண்டியின் நேரத்தை இன்னொரு வண்டிக்கு எழுதுவது போல. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அதோடு, அவளுக்கு என்ன டென்ஷன்? ஆபீஸா, அதிகாரியா?

மே 2, வெள்ளி

டாக்டரம்மா பார்த்தது 148/92. நல்ல முன்னேற்றம் என்றார். நோட்டைப் புரட்டினார். சில பக்கங்களை நின்று படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "உங்க மனைவி வந்திருக்காங்களா?" என்றார்.

"இல்லீங்க. இன்னைக்கு கேஸ் வர்ற நாள்."

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "எனக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கேன். வெயில்ல அலையுறதுதான். நீங்க நல்லாகுங்க மொதல்ல" என்றாள். நாளை சனிக்கிழமை தண்ணீர் வரும் நாள். அவள் இல்லாவிட்டால் யார் பிடிப்பது? திங்கள் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

மாலை 164/98. காரணம்: இந்திராணி டம்ளரைக் கீழே போட்டாள். இந்த வாரத்தில் மூன்றாவது. சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"வலது கை மரத்துப் போயிருதுங்க. புடிச்சது புடிச்ச மாதிரி இருக்கும், கீழ விழுந்துரும்."

கவனம் இருந்தால் ஏன் விழுகிறது என்று கேட்டேன். மாலையில் பார்த்தால் கையில் கண்ணாடி வளையல் இல்லை. நான் கழற்றச் சொல்லவில்லை. அவளாகவே கழற்றியிருக்கிறாள். இப்போது அவள் நடந்து வருவதே தெரிவதில்லை.

திங்கள் போகவில்லை. ஏதோ வேலை வந்துவிட்டது. என்ன வேலை என்று இப்போது ஞாபகம் வரவில்லை.

மே 11, ஞாயிறு

காலை 146/90. மூச்சுப் பயிற்சி பழகுகிறேன். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். நானே எண்ணினால் மனம் அமைதியாவதில்லை என்பதால் இந்திராணியை எண்ணச் சொல்கிறேன். எதிரில் உட்கார்ந்து எண்ணுவாள்.

இன்று நாலுக்குப் பிறகு ஏழு என்றாள். மறுபடி ஆரம்பித்தோம். மூணு, நாலு, ஏழு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் காத்திருக்கிறேன், அவள் விழிக்கிறாள். கோபப்படவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். டாக்டரம்மா சொன்னபடி நடந்துகொண்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

மே 14, புதன்

142/90. வீட்டில் பேச்சே இல்லை. நல்ல அமைதி.

மே 17, சனி

காலை ஆறு மணிக்கு நடைக்குக் கிளம்பினேன். 6.50க்குத் திரும்பினால் வீடு பூட்டியிருக்கிறது. ஜரினாவின் வீட்டுக்காரர் காதர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். வாழைக்காய் மண்டியில் வேலை பார்ப்பவர், வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். இன்று முகத்தைப் பார்த்தே பேசவில்லை.

"அக்கா கரூர் போயிருக்காங்கண்ணே. சுகன்யா பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு போன் வந்துச்சாம். ஜரினாவும் துணைக்குப் போயிருக்கா."

"சொல்லாமக்கூடவா போவா?"

"அவசரம்ணே."

172/102. நான் இத்தனை கஷ்டப்பட்டு இறக்கியது ஒரே நாளில் போயிற்று.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்திருக்கிறது. அரிசி பாதி களைந்தபடி இருக்கிறது. செருப்பு வாசலில் கிடக்கிறது, வெறுங்காலோடா கரூர் போனாள்? போனும் சார்ஜில் கிடக்கிறது. இப்படி மறதிக்காரியாக இருந்ததில்லை.

பத்து மணிக்குச் சுகன்யா பேசினாள். குரல் அடைத்திருந்தது. "எனக்குக் காய்ச்சல்ப்பா. அம்மா பத்து நாள் இங்க இருக்கட்டும். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. மாத்திரை மட்டும் நேரத்துக்குப் போடுங்க" என்றாள்.

மே 19, திங்கள்

140/88. ஜரினா திரும்பிவிட்டார். சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வருகிறது. உப்பில்லாமல் தனியாகச் செய்து அனுப்புகிறார்கள், நல்ல மனிதர்கள். காதர் தூக்குவாளியை வைத்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்.

அம்மாவிடம் கொடு என்றேன் சுகன்யாவிடம். குளிக்கிறாளாம்.

மே 20, செவ்வாய்

134/86. அம்மா தூங்குகிறாளாம். காலை பதினொரு மணிக்கு.

மே 21, புதன்

காலை 132/84. நானே போன் செய்தேன். சுகன்யா எடுத்தாள். பின்னால் ஒரு பெண் குரல், "பதினேழாம் பெட் அட்டெண்டர் யாரு?" என்று கேட்டது.

"யாரும்மா அது?"

"டிவிப்பா."

சரி என்றேன். மாலை பிரஷர் பார்க்கவில்லை.

மே 22, வியாழன்

130/84.

மே 24, சனி

காலை 126/82. கரூர் எவ்வளவு தூரம்? எண்பது கிலோமீட்டர் கூட இல்லை. அரை மணிக்கு ஒரு வண்டி. எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று எனக்கு மனப்பாடம். போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் பயணம் உடம்புக்கு ஆகாது, வெயில் வேறு.

காப்பித்தூள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காலை முழுவதும் தேடினேன். ஊறுகாய் ஜாடிகள் மூன்று கழுவிக் கவிழ்த்திருக்கின்றன. கடைசி ஜாடியில் கால்வாசி இருக்கிறது.

அவள் இல்லாமல் நன்றாக இல்லை. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. எழுதி வைக்கிறேன்.

மே 27, செவ்வாய்

டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார். இரண்டு முறையும் 124/80. "சின்ன வயசுக்காரங்களுக்கு இருக்குற மாதிரி இருக்கு. இதையே விடாம புடிச்சுக்கோங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னார். மனைவி எங்கே என்று மறுபடியும் கேட்டார். கரூர் என்றேன்.

இதை இந்திராணியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேருந்து நிலையத்துக்கு வந்தேன். என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவர் ஞானதுரை. நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு கதிரேசன்? ஞாயித்துக்கெழம என் தம்பியப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க சுகன்யா நின்னுச்சு. வலது பக்கம் வரல, பேச்சும் வரலன்னு சொல்லி அழுதுச்சு. நீங்க ஏன்யா இங்க நிக்கிறீங்க?"

பெஞ்சில் உட்கார்ந்தேன். மயக்கம் வரவில்லை, கண் இருட்டவில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது.

மே 28, புதன்

இதே ஊர். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஸ்டாப். பதினொரு நாளாக அவள் இங்கே கிடந்திருக்கிறாள்.

தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தலைமாட்டில் ஒரு திரையில் எண்கள் மாறி மாறி வந்தன. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று சுகன்யாவைக் கேட்டேன்.

"அம்மாதான்ப்பா வேணாம்னுச்சு. அன்னைக்குக் காலைல அடுப்படில விழுந்துருக்காங்க. சத்தம் கேட்டு ஜரினாக்கா ஓடிப் போய்த் தூக்கிருக்காங்க. ஆட்டோல ஏத்தும்போதே வாய் குழறிருச்சாம். அந்தக் குழறுன வாயால, 'அவருக்குச் சொல்லாதீங்க, பிரஷர் ஏறிடும்'னு சொல்லிருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்லப்பா." மூக்கைச் சிந்திக்கொண்டு, "சொல்லாட்டியும் நான் உங்களக் கூப்புட்டுருக்க மாட்டேன். இங்க வந்து யாரையாவது கத்திக்கிட்டு நிப்பீங்க" என்றாள்.

டாக்டர் வந்தார், சின்ன வயதுக்காரர். வந்த அன்றைக்கு 230/130 இருந்தது என்றார். எத்தனை நாளாகப் பிரஷர் என்று யாருக்கும் தெரியவில்லையாம். "எதாவது மாத்திரை போட்டு நடுவுல நிறுத்தினாங்களா?" என்று கேட்டார்.

"அம்மா எந்த மாத்திரையும் போட்டதே இல்ல சார்" என்றாள் சுகன்யா.

பீரோ சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

மே 29, வியாழன்

காலை எட்டு மணிக்கே போய் டாக்டர் அறை வாசலில் நின்றேன். சுகன்யாவும் கூட இருந்தாள். ஏப்ரல் 17 முதல் 23 வரை ஏழு நாள் என் மாத்திரையைப் போட்டாள், வலி கேட்கிறது என்று சொன்னாள், நான் வாங்கிப் பூட்டிவிட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு கை மரத்தது, டம்ளர் விழுந்தது, எண்ணிக்கை தவறியது, எல்லாம் தேதியோடு சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"மாத்திரைய நிறுத்துனதால மட்டும் வந்துச்சுன்னு சொல்ல முடியாது சார். ஆனா இதுல ஏதாவது ஒரு நாள் பிரஷர் பாத்திருந்தாப் போதும். வீட்ல மெஷின் இல்லையா?"

"இருக்கு."

"பாக்கலையா?"

"பாக்கல."

சுகன்யா எழுந்து வராந்தாவின் மறு கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாலை வரை என் பக்கம் வரவில்லை.

மே 30, வெள்ளி

இன்று விழித்திருந்தாள். உள்ளே விட்டார்கள். கதவைத் திறந்ததும் கண் என் மேல் வந்து நின்றது. இடது கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். நான் வந்து நிற்கும்போது அவள் படுத்திருந்ததே இல்லை. அந்தப் பழக்கம். கலைந்த தலைமுடியை ஒதுக்கினாள், புடவை இல்லாத தோளில் முந்தானையைத் தேடினாள்.

"படுத்துக்க. சாப்பிட்டியா?" என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

திரையில் 156 இருந்தது. 171 ஆயிற்று. 184. ஏதோ மணி அடித்தது. சிஸ்டர் ஓடி வந்து என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஜூன் 1, ஞாயிறு

நேற்றும் நான் உள்ளே போனதும் ஏறியதால் இன்று பேசாமல் நின்றேன். சிரித்த முகமாக வைத்துக்கொண்டேன். 152, 168, 179. என்ன தப்பு செய்துவிட்டோம், எதற்கு வந்திருக்கிறார் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. வீட்டில் தினமும் இருந்தது. மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சிஸ்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க உள்ள வந்தா இவங்களுக்கு ஏறுது. மூணு தடவ பாத்துட்டேன். மக வந்தா ஏறல. இன்னொரு தடவ ஏறுனாத் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. கொஞ்ச நாளைக்கு நீங்க வெளியவே இருங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

ஜூன் 3, செவ்வாய்

இந்திராணி: காலை 160/96. பகல் 154/94. மாலை 150/92. சிஸ்டரிடம் கேட்டு எழுதியது. நான் உள்ளே போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

இந்திராணி: 152/92. 148/90. சுகன்யா இன்று எனக்கு ஒரு இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 7, சனி

லீவு முடிந்தது. நீட்டிக்கச் சொல்லி ஞானதுரையிடம் கடிதம் கொடுத்தனுப்பினேன்.

இந்திராணி: காலை 148/90. பகல் 164/98. ஏன் ஏறியது என்று சிஸ்டருக்கும் தெரியவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. நான் காலையிலிருந்து இந்த வார்டு வாசல் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்குச் சுகன்யா வெளியே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா கதவையே பாத்துக்கிட்டு இருக்காங்கப்பா. மத்தியானம் கதவு தொறந்தப்ப நீங்க இங்க உக்காந்திருக்கிறதப் பாத்துட்டாங்க போல. உங்களத் தேடுறாங்களோ என்னமோ. ஒரு நிமிஷம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்களேன்."

எழுந்தேன். கதவு வரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"அப்பா வீட்டுக்குப் போயிட்டார்னு சொல்லும்மா."

"இங்கதானப்பா இருக்கீங்க."

"போயிட்டார், இனி வர மாட்டார்னு சொல்லு. சொல்லிட்டு என்ன காட்டுதுன்னு பாத்துட்டு வா."

உள்ளே போனாள். நான் பெஞ்சை நகர்த்தி, கதவு திறந்தாலும் தெரியாதபடி சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிடத்தில் வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரில் நின்றபடியே சொன்னாள்.

138/86. அவள் வந்த நாளிலிருந்து இதுதான் மிகக் குறைவு.